கோலிக்குண்டோடு வீடு பார்க்க வந்தவர்

எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில், அம்மாவின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பச்சைக் கோலிக்குண்டு இருக்கிறது. டப்பாவை அணைப்பாக வைக்காவிட்டால் உருண்டு கீழே விழுந்துவிடும். கோலி விளையாடுகிற வயதில் வீட்டில் யாரும் இல்லை. வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளைக யாரும் வந்திருந்தாகளா?" என்று கேட்பார்கள். "எங்க வீட்டை வாங்க வந்த அம்மா குடுத்தது" என்று சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்த அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். நன்றி கொஞ்சம் பொறுத்து வரும். ஆனால் வந்துவிட்டால் லேசில் போகாது.

நாங்கள் விற்ற வீடு வில்லாபுரத்தில் இருந்தது. அம்மா சித்தாள் வேலை பார்த்தவள். ஊரில் யார் யாருக்கோ கல்லும் மண்ணும் சுமந்து, கடைசியில் தனக்கென்று சுமந்து எழுப்பிய வீடு அது. அப்பா போன பிறகு அங்கே தனியாகத்தான் இருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காளவாசலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்ததால் பிழைத்தாள். இனி தனியாக விடுவதில்லை, வீட்டை விற்றுவிட்டு என்னோடு அழைத்து வந்து, மாடிப்படி இல்லாத வீடாகப் பார்த்துக் குடியேறுவது என்று முடிவு செய்தோம்.

வீடு விற்பது அவ்வளவு சுலபமா என்ன! வருகிறவர்கள் எல்லாரும் முதலில் புகழ்வார்கள். காற்றோட்டம் என்பார்கள், கட்டுமானம் என்பார்கள், அம்மா கொடுக்கும் காப்பியைக் குடிப்பார்கள். பிறகு, "சொந்த ஊர் எது?" என்று ஆரம்பிப்பார்கள். ஊர்ப் பேரைச் சொன்னால் போதாது. "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று அடுத்த கேள்வி வரும். அம்மா ஒளிக்காமல் "காலனிதான்" என்பாள். அதோடு காற்றோட்டமும் கட்டுமானமும் போய்விடும். "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று செருப்பை மாட்டுவார்கள்.

ஒரு கணவனும் மனைவியும் மட்டும் அதையும் தாண்டி வந்தார்கள். விலை பேசியாயிற்று, நாள் குறித்தாயிற்று. கிளம்பும்போது அந்த மனிதர் வாசலில் நின்று யாரிடமோ போனில், "வீடு நல்ல வீடுதான். அடுப்படி மேடைய மட்டும் இடிச்சுட்டு, தீட்டுக் கழிச்சுட்டுக் குடி போயிரலாம்" என்றார். தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா அவற்றைக் கீழே வைத்தாள். தரகரைக் கூப்பிட்டு, "இவுகளுக்கு வீடு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றுவிட்டாள். "வெலை குறைஞ்சாலும் பரவால்லடி. தீட்டுக் கழிக்கிறவகளுக்குக் குடுக்க மாட்டேன். விக்காம நான் இந்த வீட்ட விட்டு வரவும் மாட்டேன்." வேலை நேரத்தில் போன் அடித்தாலே அம்மா மறுபடி விழுந்துவிட்டாளோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அப்படித்தான் மாதங்கள் போயின.

அப்போதுதான் சமயநல்லூரிலிருந்து அந்த அம்மா வந்தார். அந்தப் பக்கம் தோட்டம் துரவோடு இருந்த குடும்பம். கணவர் இல்லை. தன் பங்கு நிலத்தை விற்று, தன் பேரில் முதன்முதலாக ஒரு வீடு வாங்கப் போகிறார் என்று தரகர் சொன்னார். உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்துத் தரையில் வைத்து, குனிந்து பார்த்தார். குண்டு மெல்ல உருண்டு சுவரோரம் போய் நின்றது. "சாய்மானம்" என்றார். அறை அறையாகக் குண்டை விட்டார். ஒவ்வொரு அறையிலும் "சாய்மானம்" என்றார். அவர் போன பிறகு, எனக்கே அந்த வீட்டில் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது.

இத்தோடு விட்டது என்று நினைத்தேன். எங்கே! உச்சி வெயிலில் வந்து மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பார்த்தார். மழை பெய்கிற நாளாகப் பார்த்துக் குடையோடு வந்து, எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்தபடியே சுற்றினார். குழாயில் தண்ணீர் வரும் நேரம் கேட்டு, விடிகிறதுக்கு முன்னாடி வந்து குடம் நிறைகிறதைப் பார்த்தார். ஜன்னல் சின்னது என்றார், பரண் உயரம் என்றார். அடுப்படியில் குண்டு மூலைக்கு ஓடியபோது, "தண்ணி தேங்குமே, எந்தக் கொத்தனாரு போட்டது?" என்று கேட்டார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாந்தேன் சொல்லிப் போட வச்சேன். அந்த மூலையிலதான ஓட்டை இருக்கு? வாளித் தண்ணிய ஊத்துனா எல்லாம் அங்கிட்டுப் போயிரும். வாட்டம் வேணாமா?" என்றாள். "வாட்டம் வேற, பள்ளம் வேறக்கா" என்றார் அவர். அரை மணி நேரம் இரண்டு பேரும் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு வந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் அம்மாவிடம் கத்தினேன். "அந்தம்மா வாங்கவும் போறதில்ல, நம்மள விடவும் போறதில்ல. இம்புட்டுக் குறை சொல்றவுக கிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்கிற?" அம்மா சிரித்தாள். அந்த மனிதர் தீட்டு என்று பேசிய நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "குறை சொல்றா, சரிதான். வீட்டத்தானடி சொல்றா. சொல்லிட்டுப் போறா."

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இத்தனையும் பேசிவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டு இவரும் செருப்பை மாட்டினால் அம்மா தாங்கமாட்டாள் என்ற பயம் என்னைத் தின்றது. அடுத்த முறை அவர் வந்தபோது, குளியலறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நானே வெடித்துவிட்டேன். "நாங்க காலனிக்காரங்க. தீட்டு, கீட்டுன்னு ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. இன்னொரு தடவ எங்கம்மாவ அலைக்கழிக்காதீங்க."

அவர் கதவுப் பிடியை விடாமல் என்னைப் பார்த்தார். "தரகரு மொத நாளே சொல்லிட்டாரு தாயி. அதச் சொல்லி வெலையக் குறைக்கலாம்னு வேற யோசனை சொன்னாரு. ஏன்யா, சுவத்துக்குச் சாதி தெரியுமான்னு கேட்டு வாய மூட வச்சேன். எங்க ஆளுக பேசத்தான் செய்வாக. பேசட்டும். வீட்டுக்குள்ள இருக்கப் போறது நானு. ஏமாந்துட்டா, வித்து வேற வீடு வாங்க என்கிட்ட இனிமே நெலம் இல்ல, அதான் இம்புட்டுப் பாக்குறேன்." பிறகு கதவை ஆட்டிக் காட்டினார். "அது கெடக்கட்டும். இது ஏன் உள்ளாற தெறக்குது? ஒரு மனுசி விழுந்து கெடந்தா வெளிய இருந்து எப்படித் தெறப்பாக?" அம்மா விழுந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கதவோடு போராடியது அவருக்குத் தெரியாது.

பத்திரம் முடிந்தது. பால் காய்ச்சுகிற அன்றைக்கு எங்களையும் வரச் சொல்லியிருந்தார். அவருடைய அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. அண்ணன் முகம் சரியாகவே இல்லை. அடுப்படியில் அதே மேடை, இடிக்காமல் அப்படியே இருந்தது. அண்ணன் மனைவி பால் பாத்திரத்தை எடுக்கப் போனபோது சமயநல்லூர் அம்மா தடுத்தார். கூடத்தின் ஓரத்தில் நின்ற அம்மாவைப் பார்த்து, "அக்கா, இந்த அடுப்படி உங்க கைக்குத்தான் பழக்கம். வந்து காய்ச்சுங்க" என்றார். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியதும் முதல் தம்ளரைச் சமயநல்லூர் அம்மாவே வாங்கி அண்ணனிடம் நீட்டி, "குடிங்கண்ணே" என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அண்ணன் குடித்தார். "ஒரு பக்கமாவே பொங்குது பாத்தீங்களா? மேடையும் சாய்மானந்தேன்" என்று சமயநல்லூர் அம்மா சொல்லாமல் விடவில்லை. அம்மா அழுகையும் சிரிப்புமாக நின்றாள்.

அதன் பிறகு நாங்கள் வாங்குகிற முறை வந்தது. "அவளக் கூப்பிடுடி, அவதான் குறை கண்டுபிடிப்பா" என்றாள் அம்மா. காளவாசலுக்குப் பின்னால் ஒரு வீடு, தரையோடு தரையாக, அம்மாவுக்கென்றே கட்டினாற்போல இருந்தது. வீட்டுக்காரர் நன்றாகத்தான் பேசினார். சமயநல்லூர் அம்மா வழக்கம்போலக் குண்டைத் தரையில் வைத்துக் குனிந்திருந்தார். அப்போது வீட்டுக்காரர் அம்மாவிடம், "சொந்த ஊர் எது?" என்றார். அம்மா சொன்னாள். "ஊருக்குள்ளயா, காலனியா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். கோலிக்குண்டு வைத்த இடத்திலேயே நின்றது. இம்மிகூட அசையவில்லை. அத்தனை சமமான தரையை நான் அதுவரை பார்த்ததில்லை. சமயநல்லூர் அம்மாவும் அதைப் பார்த்தார். குண்டை எடுத்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தரை சரியில்லைங்க. ஒரே சாய்மானம்."

"என்னம்மா சொல்றீங்க, குண்டு அசையவே இல்லையே!" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்குத் தெரியாது. வாங்கக்கா, போவோம்."

தெருவுக்கு வந்ததும் குண்டை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "நீங்க வச்சுக்கங்க. எனக்கு வீடு அமைஞ்சிருச்சு."

எங்களுக்கும் அமைந்தது. இந்த வீட்டை விற்றவர் எங்களிடம் கேட்டது, எப்போது குடிவருகிறீர்கள் என்பதை மட்டும்தான். தரை நிஜமாகவே சாய்மானம். மாத்திரை எடுக்க டப்பாவை நகர்த்தும்போதெல்லாம் குண்டு திட்டிலிருந்து விழுந்து, கூடம் முழுக்க உருண்டு, வாசற்படியில் போய் முட்டும். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்து, தலைப்பில் துடைத்து, மறுபடி வைப்பாள்.

"சாய்மானந்தேன்" என்பாள். "இருந்துட்டுப் போகுது."