அறுக்காமல் புதைத்த பசு

ஜெர்மனியில் மண்ணைக் கடையில் விற்கிறார்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்து வாசலிலேயே அடுக்கியிருப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அதில் வெறுங்கையை விட்டுப் பிசைந்து செடி வைப்பார். எங்கள் ஊர் செந்துறையில் செருப்பில்லாமல் வளர்ந்தவள் நான். இரண்டு மாதமாக அந்தக் கையைப் பார்த்தாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

என் வேலை ஒரு நொதியின் உருவத்தைக் கண்டுபிடிப்பது. சில பாக்டீரியாக்கள் பிழைக்க வழியில்லாதபோது ஓடு போர்த்திய வித்தாக மாறி, மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். அந்த மாற்றத்தைத் தொடங்கி வைப்பது இந்த நொதிதான். அதைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்க்கிறோம். அதன் ஒரு பாதி கதவுபோலத் திரும்பி, ஒரு பாஸ்பேட்டை எடுத்துக் கொடுக்கும். கட்டட வேலையில் சாந்துச் சட்டி கைமாறுவதுபோல் அது புரதம் விட்டுப் புரதம் போகும். நான் வளர்ப்பது ஆபத்தில்லாத இனம். மாட்டைக் கொல்லும் அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் கிருமி அதற்கு நெருங்கிய சொந்தம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை ஆய்வகத்தில் இருந்தபோது தம்பி செல்வம் வீடியோவில் கூப்பிட்டான். எங்கள் சினைப்பசு செத்துக் கிடந்தது.

"நேத்து சாயந்தரம் நல்லாத்தான் மேஞ்சுதுக்கா. மூக்குல ரத்தம் வடியுது, உறையவே மாட்டேங்குது."

அவன் கையில் கத்தி இருந்தது. கன்றை வயிற்றோடு புதைக்கக் கூடாது, எடுத்துத் தனியாகத்தான் புதைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"கத்தியக் கீழ போடு! அது அடைப்பான்டா. அறுத்தா ஒனக்கும் வந்துரும்."

அம்மா போனைப் பிடுங்கினாள். "மாசமா இருக்குறவ பேசுற பேச்சா இது? கன்னோட பொதைச்சா அந்தப் பாவம் ஒன் வவுத்துலதான் வந்து விடியும்."

எனக்கு அப்போது ஆறாம் மாதம். கை தானாக வயிற்றுக்குப் போனது. செத்த மாட்டின் உடம்பு அறுபடாமல் இருந்தால் கிருமி உள்ளேயே அழுகலில் செத்துவிடும், அறுத்து ரத்தத்தில் காற்றுப் பட்டால் வித்தாகிக் காடெல்லாம் பரவும். இத்தனை வருடம் படித்ததை அம்மாவுக்கு விளக்க நேரம் இல்லை. செல்வம் அம்மா பேச்சைத் தட்டியவன் இல்லை. கத்தி இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

"பாவம் எனக்கே வரட்டும்மா!" என்று கத்தினேன். "எனக்குத் தம்பி வேணும்."

அம்மா போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அவன் கத்தியைப் போட்டான்.

என் சத்தம் கேட்டு ஆய்வகத் தலைவர் ஓடிவந்தார். யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். ஒரு பசு என்றேன். நல்லவேளை என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த நிமிடம் அவரை வெறுத்தேன்.

கால்நடை டாக்டர் வந்து, காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, அடைப்பான்தான் என்றார். சோளக்காட்டு மூலையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்து, முள்வேலி போட்டார்கள். செத்த மாட்டைத் தொட்டிருந்ததால் செல்வத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். தினமும் வீடியோவில் அவன் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நோய் தொற்றினால் வரும் கொப்புளம் எதுவும் வரவில்லை.

அம்மா என்னோடு இன்னும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்த மூலையில் விளக்கு வைக்கிறாளாம், என் பிள்ளைக்காக. "நீ பயப்படாதக்கா, அம்மா முள்ளுக்கு வெளியிலதான் நிக்கிது," என்கிறான் செல்வம்.

நேற்று பக்கத்து வீட்டு அம்மாள், பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரால் செடி வையுங்கள் என்று ஒரு பை மண் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.