ஈரக் குடை

போடிநாயக்கனூரில் வெயில் கொளுத்துகிறது. மலைமேல் பூப்பாறையில் பஸ் ஏறியபோது நல்ல மழை. உடன் வந்த தோட்டக்கார அம்மாவின் ஏலக்காய் மூட்டையைக் கடைவரை தூக்கி வந்திருக்கிறேன். வியாபாரி காயைப் பார்க்காமல் ஈரம் காயாத என் குடையைப் பார்க்கிறார்.

"மேல மழையாண்ணே? போன்ல கேட்டா எல்லாரும் வெயிலுன்னே சாதிக்கிறாக."

வறண்ட மலையில் மழை என்றால் அடுத்த பறிப்பில் காய் கூடும். இன்றே விலை இறங்கும். அம்மா என்னை முறைக்கிறார்.

"பாட்டில் தண்ணி கொட்டிருச்சுங்க," என்கிறேன்.

"அரபு நாட்டுல நோம்பு வருது, காய்க்குப் பறக்குறாக. வெரசா வெலையச் சொல்லுங்க," என்று அம்மா அவசரப்படுத்துகிறார்.

வியாபாரி வாய் திறக்கப் போனவர், குனிந்து என் காலைப் பார்க்கிறார். கணுக்காலில் ரத்தம் குடித்துப் பருத்த அட்டை தொங்குகிறது. மழை பெய்யாமல் அது வெளியே வராது.

"பாட்டில் தண்ணிக்குள்ள அட்டையும் கெடந்துச்சாக்கும்?"

சிரித்தபடி, நேற்றையதைவிடக் குறைத்து விலை சொல்கிறார். அம்மா மூட்டையைத் திரும்பக் கட்டுகிறார். பிறகு பக்கத்து டீக்கடையில் உப்பு வாங்கி வந்து அட்டைமேல் போடுகிறார்.

"ஏண்ணே, பொய் சொல்றதுக்கு முன்னாடி மடிச்சுக் கட்டுன வேட்டிய எறக்கி விட்டுருக்கலாம்ல?"