அம்மாவின் விரல்களும் அப்பா உடுத்த சேலையும்

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கும் உறவினருக்கும் ஊரவருக்கும் மூத்த மகளாகிய நான் எழுதுவது. அவருடைய நற்குணங்களை எல்லாம் எழுத இந்த நினைவு மலர் போதாது. எனக்கு மறக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த அப்பா, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்ததும் ஆனையிறவைத் தாண்டிக் கிளிநொச்சிக்கு வந்தார். காடு வெட்டினார், மலேரியாக் காய்ச்சலில் கிடந்தார், எழுந்து மறுபடியும் வெட்டினார். முதல் வெள்ளாமை வீடு வந்து சேரும்வரை பிள்ளைகளாகிய எங்களை வளர்த்தது செவலைப் பசுவின் பால்தான். செவலையோ அம்மாவைத் தவிர வேறு எவரையும் மடியில் கைவைக்க விடாது.

காலையும் மாலையும் கறந்து கறந்து அம்மாவின் வலக்கை விரல்கள் வீங்கின. மடக்கினால் நிமிரா, மற்றக் கையால் பிடித்து இழுக்க வேண்டும். ஆஸ்பத்திரி டொக்டர், விரலை அசைக்கும் தசைநார்கள் வீங்கிவிட்டன என்று சொல்லி, மட்டை வைத்துக் கட்டினார்.

"இதுக்கு ஓய்வுதான் மருந்து. இனியும் பால் கறந்தியளெண்டால் விரல் மடிஞ்சபடியே நிண்டிடும்."

அப்பா கறக்கப் போனார். செவலை ஒரே உதையில் செம்பையும் அவரையும் கவிழ்த்தது. நாங்கள் பசியில் அழுததைப் பொறுக்காமல் அம்மா கட்டை அவிழ்த்துவிட்டுக் கறந்தார். வீக்கம் இன்னும் கூடியது.

மறுநாள் விடிய அப்பா, கொடியில் கிடந்த அம்மாவின் சேலையை உடுத்து, முக்காடும் போட்டுக்கொண்டு மாட்டடிக்குப் போனார். சால்வை இல்லாமல் படலைக் கதவு தாண்டாத மனிதர்! பக்கத்துக் காணி மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன அத்தான், சீலையோட? ஆரைக் கட்டப் போறியள்?"

"இவள் செவலை சம்மதிச்சால் போதும். நீ சத்தம் போடாதை!"

செவலை சேலையை முகர்ந்தது. அம்மாவின் வாசம். பேசாமல் நின்று பால் தந்தது.

ஊரே சிரித்தது. அப்பா அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வாசம் போய்விடும் என்று அந்தச் சேலையைத் தோய்க்கவும் விடவில்லை. பின்னேரங்களில் அம்மாவின் கையை இளஞ்சூட்டு நீரில் வைத்து, டொக்டர் காட்டியபடி ஒவ்வொரு விரலாக மெல்ல நீட்டி மடக்குவார். அவரைப் போல் ஒரு மனிதரை நான் வேறு கண்டதில்லை.

கடைசி நாட்களில் அப்பாவுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை, பால் மட்டும்தான். அதைக் கறந்தவரும் ஊட்டியவரும் அம்மாவே.

நோயில் துணை நின்றோர், பந்தலிட்டோர், சமைத்தோர், அன்று சிரித்து, கடைசியில் அப்பாவின் பாடை சுமந்த மாமா, எல்லோருக்கும் எங்கள் நன்றி. அம்மாவும் உங்களைக் கைகூப்பி வணங்குகிறார். பத்து விரலும் நேராக நிற்கின்றன.