ஒரு அளவு பெரிய துப்பாக்கி

நான்கு வருடங்களுக்கு முன்பு, நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிவந்த புதிதில் நடந்தது இது. அப்போது தரம் ஏழில் படித்த என் மகளைப் பாடசாலையின் துப்பாக்கி சுடும் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். காற்றுத் துப்பாக்கிதான். ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வளரும் பிள்ளைக்கு எதையும் ஒரு அளவு பெரிதாக வாங்குவது என் வழக்கம். சப்பாத்து என்றால் நுனியில் பஞ்சு அடைத்துக் கொடுப்பேன். அதே புத்தியோடுதான் முதல் நாள் பயிற்சிக்கும் போனேன். பயிற்றுநர் சிறுவர்களுக்கான சின்னத் துப்பாக்கியை மகளின் தோளில் வைத்துப் பார்த்து, “பிள்ளைக்கு இதுதான் ஹரி” என்றார்; ‘சரி’ என்பதை அவர் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்.

“சேர், வளர்ற பிள்ளை. பெரிசையே குடுங்கோ, பழகிடுவாள்” என்றேன். அவர் மகளிடம் பாரமா என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள்.

பெரிய துப்பாக்கியோடு அவள் நிற்கும் படத்தை, கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் என் தம்பிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தான். “அக்கா, மான் சுடவே என்ர மகனுக்குச் சின்ன ரவை போடுற, பாரமில்லாத துவக்குத்தான் குடுத்தனான். பெரிசெண்டால் பிள்ளை பயந்து கண்ணை மூடிடும்.”

“இது காத்துத் துவக்கு. உன்ர கனடாக் கதையை விடு” என்று அவன் வாயை அடைத்தேன்.

அதற்குப் பிறகு மகள் தோளில் தைலம் பூசிக்கொண்டு படுப்பாள். கேட்டால் புத்தகப் பையின் பாரம் என்பாள். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போட்டியன்று பாரம் தாங்காமல் துப்பாக்கி முனை தாழ்ந்து தாழ்ந்து போவது பின்வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. கடைசியில் ஒரு ரவை பக்கத்துப் பிள்ளையின் இலக்கில் போய்ப் பட்டது. அதற்கு அவளுக்குப் பூச்சியம். அதனாலேயே அணி தோற்றது. திரும்பும்போது வான் வண்டியில் ஒரு பிள்ளையும் அவளோடு கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “பாரமெண்டு சேரிட்ட சொல்லியிருக்கலாமே?” என்று அவளையே ஏசினேன்.

“நீங்கள் பக்கத்தில நிக்கேக்க எப்பிடியம்மா சொல்றது?”

அதோடு அணியிலிருந்து விலகிவிட்டாள். இப்போது என்னைவிட உயரம். அந்தப் பெரிய துப்பாக்கி இன்று அவளுக்கு அளவாக இருக்கும்; தொடவே மாட்டேன் என்கிறாள். வளர்ந்த பிறகும் பொருந்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எனக்கு, அதுவரை அவளுடைய ஆசை தாங்குமா என்று ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றவில்லை.