மேஜைக்குப் பேர் வெட்டினேன்

ஐம்பது வயதில் தில்லை நகர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். என் மகள் வயதுள்ள டீச்சர் ஒரு வாரம் முழுக்க மைன், யுவர்ஸ், ஹிஸ் என்று உருப்போட வைத்தார். யாருடைய பொருள் எது என்று சீட்டு எழுதி வீட்டில் ஒட்ட வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் சுறுசுறுப்பாக ஒட்டினேன். ரிமோட், ஸ்கூட்டர், ஜன்னலோர நாற்காலி எல்லாம் கணவருடையவை, ஹிஸ். மிக்ஸி, கிரைண்டர், துடைப்பம் எல்லாம் மைன். என் சீட்டுகள் அடுப்படியைத் தாண்டவே இல்லை. எரிச்சலாக வந்தது.

ஹாலில் ஒரு மேஜை உண்டு. உட்கார்ந்து படிக்க எனக்கு அது வேண்டும். அதன்மேல் கணவரின் ஹெல்மெட்டும் பழைய பேப்பரும்தான் குடியிருந்தன. துணிந்து மைன் ஒட்டினேன். ஆபீசிலிருந்து வந்தவர் பிய்த்துப் போட்டார்.

"இது எங்கப்பா வாங்கின டேபிள்மா. நீ கிச்சன் மேடையில வச்சுப் படியேன்."

மறுநாள் காலை காபி ஆற்றும்போது டம்ளரைப் பார்த்தேன். என் கல்யாணச் சீரில் வந்தது. அப்பாவின் இனிஷியலோடு என் பேர் வெட்டியிருக்கும். இருபத்தைந்து வருஷமாக அந்த டம்ளருக்கு வேறு யாரும் சொந்தம் கொண்டாடியதில்லை. காகிதச் சீட்டை நம்பியது என் முட்டாள்தனம்.

நேராகப் பாத்திரக் கடைக்குப் போய் ஓர் எவர்சில்வர் தகட்டை வாங்கிப் பேர் வெட்டக் கொடுத்தேன். பேர் வெட்டுபவர் மெஷினை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"இனிஷியல் யாரோடதும்மா? அப்பாவோடதா, வீட்டுக்கார சாரோடதா?"

"ரெண்டும் வேணாங்க. என் பேர் மட்டும்."

"காணாமப் போனா எந்த வீட்டுதுன்னு தெரியாதேம்மா!"

"போகாதுங்க. ஆணி அடிச்சிடுவேன்."

அடித்தேன். மேஜையின் முன்பக்கம், நான்கு ஆணி. மேலே கிடந்த பழைய பேப்பரையெல்லாம் அள்ளி அவருடைய நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

சாயங்காலம் கணவர் பழக்க தோஷத்தில் மேஜைமேல் வைக்க ஹெல்மெட்டை நீட்டியவர் நின்றுவிட்டார். குனிந்து எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். நகத்தால் ஒருமுறை சுரண்டியும் பார்த்தார்.

"ஒரு ஓரமா ஹெல்மெட்டை வச்சுக்கட்டுமா?"

இந்த வீட்டில் என்னிடம் அனுமதி கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் அவரை அப்படியே விட்டுவிட மனசில்லை.

"வச்சுக்கோங்க. அப்புறம் அந்த மிக்ஸியைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

காலையிலேயே அதில் சீட்டை மாற்றியிருந்தேன். ஹிஸ்.