நாடகம் பார்க்க வந்த அஞ்சலை

சென்ற ஞாயிறு லிங்கி பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாடகம். காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளின் தொல்லையால் மாலையானால் ஊரடங்கு. ஆகவே ராஜாவும் ராணியும் பட்டப்பகலில் வேஷம் கட்டி வேர்த்துக் கொட்டினார்கள். அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது கேட்டில் நடந்த கதை.

சுற்றிலும் முள்வேலி. ஒரே கேட். அடையாளக் கார்டைக் காட்டி, பையைத் திறந்து காட்டினால்தான் உள்ளே போகலாம். எனக்கு முன்னால் அக்காள் தங்கை இருவர் – பக்கத்துத் தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள். அக்காள் செல்லம்மா கார்டைத் தேடிக்கொண்டிருக்க, தங்கை அஞ்சலை நேரே உள்ளே நடந்துவிட்டாள்.

"நில்லு!" என்றார் கான்ஸ்டபிள்.

அவள் நிற்கவில்லை.

"ஏய், நில்லுன்னு சொல்றேன்ல!"

துப்பாக்கி தோளிலிருந்து இறங்கியது. செல்லம்மா ஓடிப்போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

"சுட்டுடாதீங்க அண்ணே! பொறந்ததிலேருந்தே அவளுக்குக் காது கேக்காது!"

"போன வாரம் ஒருத்தன் ஊமைன்னான். ஸ்டேஷன்ல நல்லாவே பேசினான்லா!"

அஞ்சலையை வேலியோரம் திரும்பி நிற்க வைத்தார். அவள் பயத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து கேட்டின் தகரத்தில் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி ஒரு இடி...

சட்டென்று திரும்பினாள் அஞ்சலை!

"பாத்தீங்களா? கேக்குது! எல்லாம் நடிப்பு. நட ஸ்டேஷனுக்கு!"

வரிசையில் முணுமுணுப்பு. எனக்கும் சந்தேகம் தட்டியது. காட்டுக்காரர்களுக்கு வேவு பார்க்க வந்தவளோ? பக்கத்தில் நிற்கிறவரையே நம்ப முடியாத காலமாயிற்றே இது!

செல்லம்மா அழுதுகொண்டே தங்கைக்கு ஏதோ ஜாடை காட்டினாள். அஞ்சலை கான்ஸ்டபிளின் கையைப் பிடித்து – ஆமாம், துப்பாக்கிக்காரர் கையை! – வேலிக் கம்பியில் வைத்தாள். பிறகு தகரத்தை ஓர் உதை விட்டாள்.

அவர் கை துள்ளியது.

"அதிருதே..." என்றார், தமக்குள்ளேயே.

துப்பாக்கியை மறுபடி தோளில் மாட்டினார். அப்புறம், "சரி, போ. இனிமே கத்துறதோட கையையும் தூக்கிக் காட்டுறேன். எல்லாருக்குந்தான்" என்றார்.

உள்ளே இன்னொரு வழக்கு. பெண்களுக்குக் கடைசி வரிசை. "முன்னாடி உக்கார வச்சா வாயைப் பாத்தே கதையைப் புரிஞ்சுக்குவா" என்றாள் செல்லம்மா.

"முன் வரிசை தோட்டத் துரைக்கும் கணக்கு எழுதுற கிராணிக்கும்லா... ஏன், அங்கே என்ன வேலை?" என்று நாடகக் காரியதரிசி இழுத்தார். அவருக்கும் சந்தேகம்! கான்ஸ்டபிளே ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து மேடைப் பக்கத்தில் போட்டார்.

ராணி விம்மியபோது எங்களில் பலருக்கு முன்பே அஞ்சலை கண்ணைத் துடைத்தாள். கான்ஸ்டபிள் மட்டும் கடைசி வரை அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முழுக்க நம்பவில்லை போலும்.

அடுத்த மாதம் ரெம்பாவில் நாடகமாம். ஏற்பாட்டாளரிடம், "காது கேட்காதவர்கள், நடக்க முடியாதவர்கள் வந்தால் என்ன வசதி?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் சார் கேக்குறீங்க? யாரு கேக்கச் சொன்னா?"

அவர் சந்தேகப்பட்டால் படட்டும்... நீங்களும் போய் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்!