ரெஜினா அக்கா கடலூருக்கு எதற்காகப் போனார்

தமிழரசி அக்கா, இதை யாரிடமும் காட்டாதீர்கள். கடை முதலாளியிடம் வேண்டாம், உங்கள் வீட்டுக்காரரிடமும் வேண்டாம். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். கரண்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு எழுதுகிறேன். இது அப்பா கண்ணில் பட்டால் பிளஸ் ஒன்னோடு என் படிப்பு முடிந்தது.

ரெஜினா அக்கா போய் இன்று ஒன்பதாம் நாள். எனக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. ஒரு பிளக்ஸ் பேனர்தான் சொன்னது. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாப் மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். நீல வானம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, நடுவில் அக்காவின் பாஸ்போர்ட் படம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. அதைப் பார்த்ததும் நான் சிரித்தேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் உங்களுக்குப் புரியும். உங்கள் பிளக்ஸ் கடையில் புது டிசைன் எது செய்தாலும், வாடிக்கையாளர் படம் கொண்டுவரும் வரை அக்கா தன் படத்தைத்தான் அதில் போட்டு வைப்பார். காதுகுத்து பேனரில் அவர்தான் குழந்தை, கட்சி பேனரில் அவர்தான் வட்டச் செயலாளர். “அவுங்க படம் வர்ற வரைக்கும் நாந்தான்டி செத்துக் கெடக்கேன்” என்று ஒருநாள் இதே மெழுகுவத்திகளுக்கு நடுவே தன் முகத்தைக் காட்டினார். யாரோ படத்தை மாற்ற மறந்து அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் போய் எப்படிக் கிண்டல் செய்யலாம் என்றுகூட யோசித்தேன்.

பிறகுதான் கீழே பார்த்தேன். மறைவு என்ற இடத்தில் முந்தின நாள் தேதி. அதற்குக் கீழே ‘இப்படிக்கு’ என்று அவர் அம்மாவின் பெயர். சோதனைக்குப் போடும் பேனரில் அம்மா பெயர் இருக்காது. அந்த இரவு முதலாளி அக்காவின் கம்ப்யூட்டரைத் திறந்து பழைய டிசைனை எடுத்திருப்பார். அதில் படத்தை மாற்றுகிற வேலையே இருந்திருக்காது.

நான் கடைக்கு வந்து போனது உங்களுக்குத் தெரியும். எதற்கு வந்தேன் என்பது பாதிதான் தெரியும். ரெக்கார்டு நோட்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது, நோட்டின் பின்பக்கத்தில் நான் வரைந்திருந்த சைக்கிள் பெண்ணை அக்கா பார்த்துவிட்டார். அடுத்த நிமிடம் மானிட்டரை என் பக்கம் திருப்பி, தான் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்த படக்கதைப் பக்கத்தைக் காட்டினார். கட்டங்கள் அழகாக இருந்தன. ஆட்களின் விரல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி இருந்தன. சொல்லியும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. “எனக்கு மவுஸு வரும், கை வராது. நீ கை போடு, நான் கோடு போடுறேன்” என்றார். அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் கணக்கு டியூஷனின் இரண்டாவது மணி நேரம் உங்கள் கடையில் கழிந்தது. டியூஷன் சார் வீட்டுக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

அப்படி வந்தவள்தான் டைனமோ மீனா. ஊரில் கரண்ட் போனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் தெருவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலை மிதிப்பாள். டைனமோ விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் படிப்பார்கள். நான் பென்சிலில் வரைந்ததை அக்கா ஸ்கேன் செய்து அடியில் பூட்டி வைத்துவிட்டு, அதன் மேல் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோட்டை வளைப்பார். ஒருமுறை நான் மவுஸைப் பிடித்து மீனாவின் கன்னத்துக்கு மட்டும் நாற்பது புள்ளி வைத்தேன். கன்னம் அம்மை வந்த மாதிரி ஆகிவிட்டது. அக்கா சிரித்துச் சிரித்து, “பயந்தவதான் புள்ளி ஜாஸ்தி வப்பா. ரெண்டு வையி, தைரியமா இழு” என்றார். அந்த வெக்டர் கோட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்று காட்டுவதற்காக, கட்டை விரல் அளவு இருந்த மீனாவின் முகத்தைத் திரை முழுக்க விரித்தார். கோடு அப்படியே இருந்தது. நான் வரைந்தது எதுவும் அவ்வளவு பெரிதாகி நான் பார்த்ததில்லை.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்தில் மீனா வேகமாகப் போக வேண்டும். வேகம் தெரிவதற்காக அவள் துப்பட்டாவைப் பின்னால் நீளமாகப் பறக்கவிட்டேன். அதன் நுனி பின்சக்கரத்தின் மேல் தொங்கியது. அக்கா உடனே அந்த நுனிப் புள்ளியைப் பிடித்து மேலே இழுத்தார். “சக்கரத்துல மாட்டிக்கும்டி. வரையும்போதே தூக்கிடணும்” என்றார். படத்தில்கூட அவர் பார்த்துக்கொண்டார்.

கடலூரில் அச்சாகும் ஒரு சிறுவர் மாத இதழ் எங்கள் பக்கத்தைப் போடச் சம்மதித்தது உங்களுக்குத் தெரியாது. புத்தகம் வந்ததும் உங்கள் மேசையில் தூக்கிப் போட வேண்டும், அதுவரை மூச்சுவிடக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. செவ்வாய்க்கிழமை பக்கம் முடிந்துவிட்டது, கடைசிப் பேச்சு பலூனைத் தவிர. பிள்ளைகள் மீனாவிடம் “கால் வலிக்கலையா?” என்று கேட்கிறார்கள். அவள் சொல்லும் பதிலாக நான் ‘கல்வியே ஒளி’ என்று எழுதியிருந்தேன். “இது இன்னா, செவுத்து விளம்பரமா?” என்றார் அக்கா. எனக்கும் பிடிக்கவில்லை, வேறு வரியும் வரவில்லை.

உங்கள் கடையில் ஒருவரை ஒருவர் தினமும் பத்துமுறை கேட்பீர்களே, “கர்வ் பண்ணிட்டியா?” என்று. எழுத்தை எல்லாம் கோடாக மாற்றிவிட்டால் நம் ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் அப்படியே தெரியும், ஆனால் பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. கர்வ் பண்ணாமல் ஃபைல் அனுப்புவது, வீட்டு விலாசம் தெரியாத பிள்ளையைத் தேர்த் திருவிழாவில் விடுவது மாதிரி என்பார் அக்கா. அப்படிப்பட்டவரிடம்தான் நான் கெஞ்சினேன். எழுத்தைத் திறந்தே அனுப்புங்கள், நல்ல வரி தோன்றினால் போனில் சொல்லி அங்கேயே மாற்றச் சொல்லலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தலையாட்டினார், அப்படியே மெயிலில் அனுப்பினார். ஒரு சிடியிலும் எழுதி என்னிடம் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் கர்வ் பண்ணாமல் அனுப்பிய ஃபைல் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் டியூஷனுக்கு முன்பே கடைக்கு வந்திருந்தேன். நான்கு மணிக்கு அச்சகத்திலிருந்து போன் வந்தது. எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது, ஆறு மணிக்கு அச்சுப் பிளேட் போடுகிறோம், வராவிட்டால் அந்தப் பக்கத்தில் விளம்பரம் போட்டுவிடுவோம் என்றார்கள். அப்போதுதான் கரண்ட் போயிருந்தது. நெட் இல்லை. முதலாளி விருத்தாசலத்தில் கல்யாணத்தில் இருந்தார். நீங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு. யூ.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. “கடைசி வரி இன்னாடி, சொல்லு” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். “சரி, கல்வியே எரியட்டும்” என்று சிரித்துக்கொண்டே கர்வ் பண்ணி, பென்டிரைவில் போட்டார். திரை அணைந்தது.

பஸ்ஸுக்கு நின்றால் கடலூர் போய்ச் சேர ஆறரை ஆகிவிடும். பிளக்ஸ் மெஷின் ஓட்டும் செல்வராசு அண்ணன்தான், “கரண்ட்டு இல்ல, நானும் சும்மா குந்திக்கினுதான் கெடக்கேன். ஏறு, உட்டுட்டு வரேன்” என்றார். அக்கா அவர் பைக்கில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, டியூஷனுக்கு ஓடு என்று கையைக் காட்டினார். துப்பட்டா எப்படி இருந்தது? முடிந்திருந்தாரா, தொங்கியதா? ஒன்பது நாளாக அந்த வினாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த ஒரு இடம் மட்டும் தெரியவே இல்லை.

ஆலப்பாக்கம் தாண்டி, சக்கரத்தில் சிக்கியது என்கிறார்கள். அந்த நேரத்தில் நான் டியூஷனில் சந்தோஷமாக இருந்தேன், அக்கா. கணக்குப் போடும்போது வரி கிடைத்துவிட்டது. ‘வலிக்குது. சீக்கிரம் படிங்க.’ மறந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். மறுநாள் அந்தப் பேனருக்கு எதிரே நின்றபோதும் அது அழியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் பேசியதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் கடைக்கு அன்றைக்கு எந்த வேலையும் இல்லை என்று முதலாளி போலீசில் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செல்வராசு அண்ணன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அவர் மனைவி, அண்ணி, ரெஜினா அக்கா வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரி இறைத்ததாகச் சொல்கிறார்கள். அக்காவின் அம்மா பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அப்பா சொன்னார்: “கல்யாணமானவன் பைக்ல, யாருக்கும் சொல்லாம, கடலூர் ரோட்ல அவளுக்கு இன்னா வேல?” நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். என்ன வேலை என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை கடை வாசலில் நீங்கள் என் தோளைப் பிடித்து, “எதுக்குடி போனா? உங்கிட்டயாச்சும் சொன்னாளா?” என்று அழுதீர்கள். தெரியாதுக்கா என்றேன். அக்கா கடைசியாகக் கேட்ட கேள்விக்குச் சொன்ன அதே பதில்.

அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த சிடி. அதில் மீனாவின் எழுத்துகள் இன்னும் திறந்திருக்கின்றன, கடைசி வரியை மாற்றலாம். இன்னொன்று, பயந்தவள்தான் நிறையப் புள்ளி வைப்பாள் என்று அவர் சொன்னது. இந்தக் காகிதத்தில் இதுவரை எத்தனை புள்ளி வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. இனி இரண்டு போதும்.

மேலே முதலில் எழுதியதை அடித்துவிடுங்கள், தமிழரசி அக்கா. அடுப்பில் போடாதீர்கள். ரெஜினா அக்காவின் அம்மாவுக்குப் படிக்க வராது, நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். செல்வராசு அண்ணியிடமும் முதலாளியிடமும் காட்டுங்கள். நம்பாவிட்டால் கடலூர் அச்சகத்தில் கேட்கச் சொல்லுங்கள், வியாழக்கிழமை நான்கு மணிக்குச் சிதம்பரத்தில் உங்கள் கடைக்குப் போன் செய்தார்களா என்று. சிடியில் இருக்கும் எங்கள் பக்கத்தின் அடியில் அக்கா பெயரோடு ‘நிலா’ என்று ஒரு பெயர் இருக்கும். அது நான். மேலவீதி டியூஷனில் படிக்கும் சிவகாமி. யாராவது வந்து கேட்டால் நானே சொல்வேன். எங்கள் வீடு தெரியாதவர்களுக்கு, என் அப்பா பெயர்

கதவைத் தட்டுகிறார். “இந்நேரத்துல இன்னா வெளிச்சம்?” என்கிறார். விளக்கை நான் அணைக்கவில்லை